டம்ப் டிரக் ஓட்டுநர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்த வேலைக்கு வரலாமா என்று யோசிக்கிறவர்களும், வந்து சில வாரங்களே ஆனவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். படிக்கும்போது ஒன்று தெரியும், ஓட்டுவது பற்றிய பதில்கள் சின்னதாகவும், நிற்பது, ரிவர்ஸ் எடுப்பது, கொட்டுவது பற்றியவை நீளமாகவும் இருக்கும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான், அதனால் அப்படி.

டிப்பர், டம்பர், டம்ப் டிரக் எல்லாம் ஒண்ணுதானே? எதை ஓட்டக் கத்துக்கணும்?

வேலை ஒன்றுதான்: அள்ளிப் போட்டதைக் கொண்டுபோய்க் கொட்டுவது. வண்டிகள்தான் வேறு. சாலையில் ஓடுகிற டிப்பர் ஒரு வகை, இது சாதாரண லாரியின் சேஸிஸ் மேல், தூக்கிக் கொட்டுவதற்கான ஹைட்ராலிக் ஜாக்கியோடு பாடி கட்டியது. சுரங்கத்திலும் பெரிய குவாரியிலும் ஓடுகிற டம்பர் இன்னொன்று, அது பொதுச் சாலைக்கே வராது. மூன்றாவது, நடுவில் மடங்கித் திரும்புகிற ஆர்ட்டிகுலேட்டட் டம்பர். வோல்வோ 1966-ல் கொண்டுவந்த வகை இது, சேறும் மேடுபள்ளமும் உள்ள இடங்களில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

அளவு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கேட்டர்பில்லர் 797எஃப் ஒரே நடையில் 363 டன் தூக்கும், அதன் டயர் மட்டும் ஏறத்தாழ 4 மீட்டர் உயரம். பெலாஸ் 75710, 2013-ல் வந்தது, 450 டன். இவற்றைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து சுரங்கத்திலேயே பூட்டுவார்கள். பார்த்து மலைத்துப் போக வேண்டாம், யாரும் முதல் நாளே அதில் ஏற்ற மாட்டார்கள். கட்டுமானப் பக்கம் போகிறவர்கள் டிப்பரில் தொடங்குங்கள். சுரங்க வேலைதான் குறி என்றால் அங்கே பயிற்சி கொடுத்து எடுக்கிற இடமாகத் தேடுங்கள்.

கார் பத்து வருஷமா ஓட்டுறேன். இதுக்கு அது போதாதா?

சாலை விதி தெரிந்திருக்கும், அந்த அளவுக்கு லாபம். மற்றபடி கைப்பழக்கம் பாதி உதவும், பாதி கெடுக்கும். பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காரில் மிதித்தவுடன் பிடிக்கும். இந்த வண்டிகளின் ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியே போய், சக்கரத்தருகே உள்ள சேம்பரைத் தள்ளி, அதற்கப்புறம்தான் சக்கரம் பிடிபடும், அதற்குக் கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி என்பது 8 மீட்டருக்கு மேல். அந்த 8 மீட்டரை நீங்கள் முன்கூட்டியே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இது இரண்டு வண்டி. லோடோடு போகும்போது ஒன்று, கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொன்று. காலி வண்டியின் பின்சக்கரத்தில் பாரம் இருக்காது, ஈரத்தில் சட்டென்று வழுக்கும், குலுக்கலும் அதிகம். கொண்டுபோகிற வழியில் கவனமாக இருந்துவிட்டுத் திரும்புகிற வழியில் ஆளைக் கவிழ்க்கிற வண்டி இது.

லைசென்ஸ் இருந்தா போதுமா, வேற என்ன பேப்பர் வேணும்?

பொதுச் சாலைக்கு வருகிற டிப்பர் என்றால் கனரக வாகன உரிமம் கட்டாயம். வயது வரம்பு, மருத்துவச் சோதனை எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் இடத்து விதியை நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலியிட்ட சுரங்கத்துக்குள் மட்டும் ஓடும் டம்பர் என்றால் கதை வேறு: அங்கே பொதுவாக ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகச் சோதித்து அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். 60 டன் வண்டிக்கு வாங்கிய சீட்டை வைத்துக்கொண்டு 100 டன் வண்டியில் ஏற முடியாது.

பார்வை, காது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். போதைப் பரிசோதனை பல இடங்களில் சொல்லாமலே நடக்கும். சளிக்கு வாங்கிய தூக்கம் வரவைக்கும் மாத்திரைகூட இதில் அடங்கும், சாப்பிட்டிருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

எல்லாரும் அனுபவம் கேட்குறாங்க. வேலையே தராம அனுபவம் எங்கிருந்து வரும்?

நியாயமான கோபம். வழி என்னவென்றால் பக்கவாட்டில் நுழைவது. கல்லுடைக்கும் கிரஷர் யார்டுக்குள்ளேயே பொருளை இடம் மாற்றும் வண்டி, சைட்டில் தண்ணீர் தெளிக்கும் வண்டி, டிப்பரில் கிளீனர் வேலை, இப்படித் தொடங்கியவர்கள்தான் நிறைய. தண்ணீர் வண்டியை யாரும் லேசாக நினைக்க வேண்டாம், பாதி நிரம்பிய டேங்கில் தண்ணீர் முன்னும் பின்னும் அடித்து, நிறுத்திய வண்டியையே தள்ளும். அதைப் பதறாமல் ஓட்டியவருக்கு டிப்பர் பழக நேரம் ஆகாது.

சுரங்கத்தில் நிலைமை இன்னும் கொஞ்சம் சாதகம். அங்கே அள்ளிப் போடும் எக்ஸ்கவேட்டர், மண்ணைத் தள்ளும் டோசர், பாதையை மட்டம் செய்யும் கிரேடர் எல்லாவற்றையும்விட டம்பர்தான் பொதுவாகத் தொடக்க வேலை. சிமுலேட்டரில் உட்கார வைத்து, பிறகு பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை வைத்து ஓட்டவிடும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. விண்ணப்பத்தில் 'எந்த வண்டியும் ஓட்டுவேன்' என்று எழுதாதீர்கள், அதைப் படித்ததும் தூக்கிப் போடுகிற மேலாளர்கள் உண்டு. எந்த வண்டி, என்ன பொருள், எந்த மாதிரி தரை என்று எழுதுங்கள். கிளீனராக இருந்ததையும் மறைக்காமல் எழுதுங்கள்.

நான் பொண்ணு. சேர்த்துக்குவாங்களா? பலம் பத்துமா?

ஸ்டியரிங், பிரேக், ஜாக்கி எல்லாம் பவரில்தான் இயங்குகிறது, கைப்பலம் கேட்கிற காலம் போய்விட்டது. பாகிஸ்தானின் தார் பாலைவன நிலக்கரிச் சுரங்கத்தில் 2017-ல் அந்த ஊர்ப் பெண்களைப் பயிற்சி கொடுத்து 60 டன் டம்பர் ஓட்ட எடுத்தார்கள், அவர்களில் பலர் அதற்கு முன் எந்த வண்டியும் தொட்டதில்லை. ஆஸ்திரேலியா, சிலி சுரங்கங்களில் பெண் ஓட்டுநர்கள் சாதாரணம்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியது பலத்தைப் பற்றி அல்ல. சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, வண்டியை நிறுத்திவிட்டுப் போய்வர நேரம் தருவார்களா, இரவு ஷிப்ட் முடிந்தால் போக்குவரத்து உண்டா என்று கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் இன்னும் தயாராகாத இடம் என்று அர்த்தம்.

முதல் வாரம் என்ன செய்யச் சொல்வாங்க?

வண்டியைச் சுற்றி நடக்கச் சொல்வார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைச் சரியாகச் செய்கிறவர் யார் என்று பார்த்துத்தான் மற்றது. ஏறும் ஏணியடியில் தொடங்கி ஒரே திசையில் சுற்றி அதே ஏணிக்கு வாருங்கள், தினமும் அதே வரிசை. வரிசை மாறினால்தான் ஏதாவது விட்டுப்போகும்.

வீல் நட்டைப் பாருங்கள்: நட்டிலிருந்து துருக் கோடு வெளியே இழுத்த மாதிரி தெரிந்தால் அது தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். பின்னால் ஜோடி டயருக்கு நடுவே கல் செருகியிருக்கிறதா பாருங்கள், ஓடும்போது அது தெறித்தால் பின்னால் வருகிற வண்டியின் கண்ணாடி போகும், இல்லையென்றால் டயர் போகும். கமான் பட்டையில் விரிசல், ஜாக்கிக் குழாயில் எண்ணெய்க் கசிவு, பின்கதவான டெயில் கேட்டின் கொக்கி, பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் பின்கள். ஏர் டேங்கில் தண்ணீரை வடியுங்கள். குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது, அழுத்தத்தில் வரும் ஹைட்ராலிக் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஒரு அட்டைத்துண்டை நீட்டிப் பாருங்கள்.

ஏறி இறங்கும்போது மூன்று பிடி: இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். முகம் வண்டியைப் பார்த்தபடி. கையில் தண்ணீர் பாட்டிலோடு ஏறுவதும், கடைசிப் படியிலிருந்து குதிப்பதும் கணுக்காலுக்குக் கேடு.

பிரேக் நல்லா இருக்கே, இறக்கத்துல மிதிச்சுக்கிட்டே இறங்கினா என்ன?

நல்ல பிரேக்தான் சூடேறிச் செயலிழக்கிறது. சுரங்கப் பாதைகள் பொதுவாக 8 முதல் 10 சதவீதம் சரிவில் போடப்படுகின்றன, அதாவது நூறு மீட்டர் போனால் எட்டு முதல் பத்து மீட்டர் இறக்கம். லோடோடு அந்தச் சரிவில் பெடலை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பு குறையும், குறையக் குறைய இன்னும் அழுத்துவீர்கள், இன்னும் சூடேறும். கடைசியில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதியில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், பாதியில் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டினால் வண்டி உங்களுடையது இல்லை. வேகத்தை, கால் பிரேக் இல்லாமலே வண்டியை இழுத்துப் பிடிக்கும் ரிட்டார்டர் அல்லது எக்ஸாஸ்ட் பிரேக் பார்த்துக்கொள்ளட்டும், கால் பிரேக் நிறுத்துவதற்கு. ஒரு விதிவிலக்கு: ஈரத்தரையில் காலி வண்டிக்கு ரிட்டார்டரை முழுசாகப் போட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் திரும்பும். அங்கே ஆரம்ப வேகத்தையே குறைப்பதுதான் வழி.

லோடு ஏத்தும்போது நான் சும்மா உட்கார்ந்திருந்தா போதுமா?

கிட்டத்தட்ட ஆமாம், ஆனால் எங்கே உட்காருவது என்பது முக்கியம். கேபின் மேல் கூரைத் தடுப்பு நீண்டிருக்கும் டம்பரில் உள்ளேயே இருங்கள், கதவு ஜன்னல் மூடி, பெல்ட் போட்டு. அந்தத் தடுப்பு இல்லாத டிப்பரில் சைட் விதி என்ன சொல்கிறதோ அது. இறங்கச் சொன்னால் எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் உங்களைப் பார்க்கும்படி, பக்கெட் சுற்றும் வட்டத்துக்கு வெளியே போய் நில்லுங்கள். வண்டிக்குப் பக்கத்தில் நின்று போனைப் பார்ப்பதைப்போல முட்டாள்தனம் கிடையாது. கேபின் மேலாகப் பக்கெட்டைச் சுற்றினால் ஹாரன் அடித்து நிறுத்துங்கள், கேட்க வெட்கம் வேண்டாம்.

பாரம் எங்கே விழுகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். ஒரு பக்கமாகக் குவிந்தால் அப்போதே சரி செய்யச் சொல்லுங்கள், இதன் பலன் கொட்டும்போது தெரியும். பல சுரங்கங்களில் ஹாரன் மொழி உண்டு: இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் முன் ஒன்று, முன்னால் நகர இரண்டு, பின்னால் போக மூன்று. உங்கள் சைட்டில் மாறியிருக்கலாம், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

'இன்னும் ரெண்டு பக்கெட் போடு'ன்னு சூப்பர்வைசர் சொன்னா என்ன பண்றது?

பாடி நிரம்பவில்லை என்பது எடை சரியாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. 10 கன மீட்டர் பாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1.6 டன், மொத்தம் 16 டன். அதே மணல் நனைந்திருந்தால் கன மீட்டர் 1.9, 2 டன் வரை போகும், அப்போது 19, 20 டன். பார்க்க இரண்டும் ஒரே குவியல்தான். இரும்புத் தாது மாதிரி கனமான பொருளில் பாடி நிரம்புவதற்கு வெகு முன்னாலேயே எல்லையைத் தொட்டுவிடும்.

பெரிய டம்பர்களுக்குக் கேட்டர்பில்லர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது, பல சுரங்கங்கள் அதைப் பின்பற்றுகின்றன: பத்து நடையில் ஒன்றுக்கு மேல் இலக்கு எடையைவிட 10 சதவீதம் தாண்டக் கூடாது, எந்த நடையும் 20 சதவீதம் தாண்டக் கூடாது. ஏனென்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் அந்த எல்லை வரைக்கும்தான் கணக்குப் போட்டுச் செய்தவை. சாலை டிப்பரில் இந்தச் சலுகைக்கு இடமே இல்லை, சட்டம் சொன்ன எடை அதுதான், சாலையில் நிறுத்திப் பிடித்தால் ஸ்டியரிங்கில் இருப்பவர் நீங்கள். சூப்பர்வைசரிடம் வாதம் பண்ண வேண்டாம். 'எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுப் போகிறேன், சீட்டில் வருவது சரியாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இரண்டு பக்கெட் தானாகக் காணாமல் போகும்.

கொட்டுறதுதான் பயமா இருக்கு. சாயாம எப்படிக் கொட்டுறது?

பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. பாடியைத் தூக்கத் தூக்கப் பாரத்தின் மையம் மேலே போகிறது. கீழே சக்கரம் நிற்கும் இடத்தில் கொஞ்சம் சாய்வு இருந்தாலும், மேலே அது பல மடங்காகிப் பாரத்தை ஒரு பக்கம் இழுக்கும். அதனால் முதலில் தரை. ஒரு பக்கச் சக்கரம் நேற்றுக் கொட்டி மட்டம் செய்த மண்ணிலும், மறுபக்கம் கெட்டித் தரையிலும் நின்றால், பார்க்க மட்டமாகத் தெரிந்தாலும் பாரம் பின்னால் நகரும்போது மெத்து மண் அமுங்கும். சந்தேகமாக இருந்தால் இறங்கிக் குதிகாலால் மிதித்துப் பாருங்கள். பின் டயர்களில் ஒரு பக்கம் காற்று குறைந்திருந்தாலும் இதே கதை, அதனால்தான் சுற்றி நடப்பதைப் பற்றி மேலே அவ்வளவு எழுதினேன்.

டெயில் கேட் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தூக்குங்கள். மெதுவாக, பாதி வரை போய்ப் பொருள் நகர்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஈரக் களிமண் முன்பக்கம் ஒட்டிக்கொண்டு, பின்பக்கம் மட்டும் காலியாகும், அல்லது இடதுபக்கம் சரிந்து வலதுபக்கம் அப்படியே நிற்கும். அப்போது மேலே தூக்கிக்கொண்டே போவதும், வண்டியை முன்னால் எடுத்துச் சடக்கென்று பிரேக் போட்டு உதறுவதும்தான் கவிழ்க்கிற வேலை. பாடியை இறக்குங்கள். இறக்கிவிட்டு, ஒட்டியதை அந்த சைட்டில் இருக்கும் முறைப்படி எடுக்கச் சொல்லுங்கள். டிரெய்லர் டிப்பர் என்றால் இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் ஒரே கோட்டில் நேராக நிற்க வேண்டும், மடங்கிய நிலையில் தூக்கவே கூடாது. காற்று பலமாக அடித்தால் உயரமான பாடிக்கு அதுவும் ஒரு தள்ளுதான்.

சாயத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லீவரை இறக்கும் பக்கம் தள்ளுங்கள், ஸ்டியரிங்கை இறுகப் பிடியுங்கள், பெல்ட்டோடு உள்ளேயே இருங்கள். கதவைத் திறந்து குதிக்கிறவர் மேல்தான் வண்டி விழும். பக்கத்தில் ஆள் நிற்கிறாரா என்பது தூக்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டிய விஷயம்: பாடி உயரம் எவ்வளவோ அதைவிட அதிக தூரம் இரண்டு பக்கமும் காலியாக இருக்கட்டும்.

பள்ளத்து ஓரத்துல கொட்டும்போது எவ்வளவு கிட்டப் போகலாம்?

ஓரத்தில் மண் வரப்பு போட்டிருப்பார்கள், அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டியின் சக்கரத்தில் பாதி உயரமாவது இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. அந்த வரப்பு உங்களுக்கு இடத்தைக் காட்டத்தான், டயரை முட்டி நிறுத்த அல்ல. முட்டி நிறுத்திப் பழகினால் ஒருநாள் வரப்பும் வண்டியும் சேர்ந்து போகும்.

வந்தவுடனே ரிவர்ஸ் எடுக்காதீர்கள். ஓட்டுநர் பக்கம் ஓரத்தைப் பார்க்கும்படி ஒரு சுற்று வந்து தரையைப் பாருங்கள்: ஓரத்துக்கு இணையாக மெல்லிய விரிசல், தண்ணீர் தேங்கல், வரப்பு இறங்கிப்போயிருப்பது, கீழே லோடர் அடியிலிருந்து அள்ளியிருப்பது. கடைசியில் சொன்னது மேலே இருந்து தெரியாது, ரேடியோவில் கேட்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓரத்துக்குப் போக வேண்டாம், ஒரு வண்டி நீளம் முன்னாடியே கொட்டிவிட்டு வாருங்கள், டோசர் தள்ளிக்கொள்ளும். நல்ல சைட்டில் இதற்கு யாரும் திட்ட மாட்டார்கள். போகும்போது ஓரத்துக்குச் செங்குத்தாகப் போங்கள், சாய்வாகப் போனால் ஒரு பின்சக்கரம் மட்டும் முதலில் ஓரத்தைத் தொடும்.

பாடியைத் தூக்கிட்டு அடியில போய் கிரீஸ் அடிக்கலாமா? அஞ்சு நிமிஷ வேலைதானே.

கூடாது. ஜாக்கி தாங்கும் என்று நம்பிப் போகவே கூடாது, ஒரு குழாய் வெடித்தால் போதும், யாராவது தெரியாமல் லீவரைத் தொட்டால் போதும். காலி பாடியாக இருந்து, அதற்கென்று உள்ள தாங்குகட்டையோ பின்னோ பூட்டி, இன்ஜின் நிறுத்திச் சாவி உங்கள் பையில் இருந்தால் மட்டும். லோடோடு தூக்கிய பாடிக்கு அடியில் எந்த நிலையிலும் கிடையாது.

கொட்டிட்டுப் பாடியை இறக்காம நகர்ந்துட்டா? கரண்ட் கம்பியில பட்டுட்டா என்ன பண்ணணும்?

தூக்கிய பாடி சில வண்டிகளில் ஆறு, ஏழு மீட்டர் உயரத்துக்குப் போகும், கம்பி, கன்வேயர், பாலம் எதுவும் தப்பாது. எச்சரிக்கை விளக்கும் சத்தமும் இருக்கும், ஆனால் அடுத்த நடை அவசரத்தில் காது அதைக் கேட்காத மாதிரி பழகிவிடும். கொட்டியதும் பாடி முழுக்க உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகே கியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியில் பட்டுவிட்டால் உள்ளேயே இருங்கள். முடிந்தால் பாடியை இறக்கியோ வண்டியை நகர்த்தியோ தொடர்பை விடுவியுங்கள், முடியவில்லை என்றால் யாரையும் கிட்ட வரவிடாமல் ரேடியோவில் சொல்லி, மின்சாரம் துண்டித்தது உறுதியாகும் வரை காத்திருங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் சின்னச் சின்னதாய் நகர்ந்து விலகுங்கள். எட்டு வைத்து ஓடினால் இரண்டு காலுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வித்தியாசமே ஆளைக் கொல்லும்.

அதோடு முடியவில்லை. மின்சாரம் பாய்ந்த டயருக்குள் ரப்பர் சூடேறி வாயு உண்டாகி, சில மணி நேரம் கழித்தும் வெடிக்கலாம். பெரிய டயர்களுக்கு 300 மீட்டர் தூரத்துக்கு ஆளில்லாமல் செய்து 24 மணி நேரம் விட்டுவிடுவது சுரங்கங்களில் வழக்கம். பிரேக் சூட்டில் டயர் புகைந்தாலும் இதே விதிதான்.

ரிவர்ஸ் கேமரா இருக்கே, சைகை காட்ட ஆள் எதுக்கு?

கேமரா லென்ஸில் சேறு பட்டால் உங்களுக்கும் சேறுதான் தெரியும். பெரிய டம்பரில் உட்கார்ந்து பார்த்தால் முன்னாலும், ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு முழு ஜீப் மறைந்துபோகும். அதனால்தான் சைட்டில் ஓடும் சின்ன வண்டிகளுக்கு நீளக் கம்பியில் கொடியும் விளக்கும் கட்டுகிறார்கள், ரேடியோவில் பேசி உங்கள் பதில் வராமல் அவை கிட்ட வரக் கூடாது.

சைகை காட்டுபவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், நான்கு பேர் கை ஆட்டினால் நிறுத்திவிட்டு யார் என்று கேளுங்கள். அவர் கண்ணாடியில் தெரியாமல் போன அந்த நொடியே பிரேக். 'வந்துகிட்டிருப்பார்' என்று நினைத்து இன்னொரு மீட்டர் போகாதீர்கள்.

நைட் ஷிப்ட்ல கண்ணு சொருகுது. காபி குடிச்சா சமாளிக்கலாமா?

காபி உள்ளே போய் வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், அதுவும் தூக்கத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. காலை ஏழு மணிக்கு எழுந்து, பகலில் வீட்டு வேலை பார்த்துவிட்டு இரவு ஷிப்டுக்கு வருகிறவர் நடுராத்திரிக்கே அந்த நிலையில் இருப்பார்.

மிகவும் மோசமான நேரம் அதிகாலை 2 மணியிலிருந்து 6 வரை. அறிகுறி கண் சொருகுவது அல்ல, அதற்கு முன்னாலேயே தெரியும்: கடைசி இரண்டு திருப்பங்களை எப்படிக் கடந்தோம் என்று ஞாபகம் இருக்காது. அந்த இடத்தில் ரேடியோவில் சொல்லிவிட்டு, அனுமதித்த இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். எழுந்தவுடன் ஓட்டாமல் இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு ஏறுங்கள்.

முதுகு போயிடும்னு சொல்றாங்களே?

கவனிக்காவிட்டால் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதி முழு உடல் அதிர்வுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக 0.5 மீட்டர்/நொடி² தாண்டினால் நடவடிக்கை, 1.15 உச்ச எல்லை என்று வைத்திருக்கிறது. டம்பர் ஓட்டுநர்கள் முதல் எண்ணைத் தொடுவது புதிதல்ல. காலி வண்டியில் வேகமாகத் திரும்பும்போதுதான் அதிகக் குலுக்கல்.

சீட்டை உங்கள் எடைக்குத் திருப்பி வையுங்கள், முந்தைய ஷிப்ட்காரர் விட்ட அமைப்பில் உட்காராதீர்கள். பாதை குழியாக இருந்தால் கிரேடரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அது உங்கள் முதுகுக்கும் டயருக்கும் சேர்த்துத்தான். தூசியும் அப்படியே: கல்லுடைக்கும் இடத்தில் பறக்கும் சிலிக்கா என்ற நுண்தூசி நுரையீரலில் தங்கிவிடும், திரும்பி வராது. ஜன்னலை மூடி ஏசியைப் போட்டு, கேபின் ஃபில்டரை மாற்றச் சொல்லி நச்சரியுங்கள்.

நடைக் கணக்குல சம்பளம் நல்லதா, மாசச் சம்பளம் நல்லதா?

நடைக் கணக்கில் கையில் வருவது சில மாதம் கூடுதலாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்கவேட்டர் பழுதாகி நான்கு மணி நேரம் வரிசையில் நின்றால் யார் பணம் தருவது? மழை நாளுக்கு? பஞ்சருக்கு? இதையெல்லாம் பேசி எழுத்தில் வாங்காமல் நடைக் கணக்குக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். என் கருத்தைக் கேட்டால், முதல் வருடம் மாதச் சம்பளம்தான். மெதுவாகக் கொட்டப் பழக வேண்டிய நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் பணமாகத் தெரிந்தால், மேலே எழுதிய எதையும் செய்ய மனசு வராது.

ஆளில்லா டம்பர் வந்துடுச்சாமே. இந்த வேலை இருக்குமா?

வந்து நாளாகிவிட்டது. சிலியின் கேப்ரியேலா மிஸ்ட்ரல் செம்புச் சுரங்கத்தில் கோமாட்சுவின் ஆளில்லா டம்பர்கள் 2008-லிருந்து ஓடுகின்றன. ஆஸ்திரேலியாவின் பில்பரா இரும்புச் சுரங்கங்களில் ரியோ டின்டோவின் டம்பர்களைச் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, பெர்த் நகரில் உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். பெரிய சுரங்கம், ஒரே பாதை, பல வருடம் ஓடும் வேலை என்றால் இந்தப் போக்கு இன்னும் பரவும்.

தினம் தினம் இடம் மாறும் கட்டுமான சைட், நெரிசலான சாலை, பாதி தோண்டிய தெரு, இங்கே டிப்பர் ஓட்டுகிறவருக்கு உடனே ஆபத்து இல்லை. ஆனாலும் டம்பரோடு நின்றுவிடாதீர்கள். ஓட்டத் தெரிந்த பிறகு டோசர், கிரேடர், எக்ஸ்கவேட்டர் என்று அனுமதிச் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

ஓட்டிக் காட்டச் சொன்னா எதைப் பார்ப்பாங்க?

வேகத்தைப் பார்க்க மாட்டார்கள். கேட்காமலே வண்டியைச் சுற்றி வந்தீர்களா, சீட்டும் கண்ணாடியும் சரி செய்தீர்களா, பெல்ட், நகரும் முன் ஹாரன், இறக்கத்துக்கு முன் கியர். சிலர் வேண்டுமென்றே டெயில் கேட் கொக்கியைப் போட்டு வைத்துவிட்டு, கொட்டச் சொல்வார்கள். சிலர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், ரிவர்ஸ் எடுக்கும்போது 'ஒரு நிமிஷம் சார்' என்று சொல்கிறீர்களா என்று பார்க்க. சொல்லுங்கள்.

சைகை காட்டுறவர் கொட்டுன்னு சொல்றார், எனக்குத் தரை சரியில்லைன்னு படுது. யார் சொல்றதைக் கேட்கணும்?

அவர் நிற்கும் இடத்திலிருந்து உங்கள் பின்சக்கரம் அமுங்குவது தெரியாமல் இருக்கலாம், உங்கள் சீட்டில் தெரியும். அதனால் 'போ' என்று அவர் சொன்னாலும் தூக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு. அவர் 'நிறுத்து' என்றால் மட்டும் பேச்சில்லாமல் நிறுத்த வேண்டும், அங்கே உங்கள் கருத்துக்கு இடமில்லை.

பாடியைத் தூக்காமல் ரேடியோவில் சொல்லுங்கள்: வண்டி எண், இடம், என்ன தெரிகிறது. 'பயமாக இருக்கிறது' என்பதைவிட 'வலது பின்சக்கரம் அமுங்குகிறது, டோசர் வந்து மட்டம் செய்யட்டும், இல்லை வேறு இடம் காட்டுங்கள்' என்று சொன்னால் மேலே இருப்பவர் உடனே முடிவெடுக்க முடியும். சொன்ன நேரத்தை நடைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், நடை ஏன் குறைந்தது என்று மாலையில் கேட்பார்கள். கெட்டியான இடத்துக்கு முன்னால் எடுத்து நிறுத்தி, டோசர் வருகிற வரை கேபினிலேயே உட்கார்ந்திருங்கள்.